இரண்டாவது வந்தவர்கள்

ஞாயிறு, இரவு.

கவரைப்பேட்டை டீக்கடையில் இன்று என் வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம எம்.பி. தொகுதில ஜெயிச்சவங்கள யார் வேணா சொல்லிடுவாங்க. ரெண்டாவது வந்தவங்கள வரிசையா சொல்லுங்க, பாதி மீசைய எடுத்துக்கிறேன்!"

கம்பெனி கேன்டீனில் சமைக்கும் மேரியக்கா, தொகுதிக்கு வேறு பெயர் இருந்த காலத்திலிருந்து தொடங்கி ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்.

"எப்டிக்கா?"

"எல்லாம் நான் ஓட்டு போட்ட ஆளுங்க நைனா. மறந்துடுவனா?"

ஒருமுறைகூட அவர் ஆள் ஜெயித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் காலை வரிசையில் முதல் ஆள் அவர்தான். நானோ ஜெயிக்கிற பக்கத்தை மோப்பம் பிடித்து ஓட்டு குத்துகிறவன்.

கடைக்காரர் கத்திரிக்கோலை நீட்டினார். அக்கா தடுத்தார். "வுடுப்பா. எப்பவும் தோத்தவங்க பக்கம்தான் நானு."

மீசை முழுதாகத்தான் இருக்கிறது. தடவிப் பார்க்கத்தான் வெட்கமாக இருக்கிறது.