ரம்யாவின் சோதனை

செவ்வாய், இரவு. மட்டாஞ்சேரி.

இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸைக் குளக்கரையிலேயே கண்டுபிடிக்கும் சோதனைக்காக நானும் ரம்யாவும் களமசேரி ஆய்வகத்தில் தனித்தனியாக உழைத்தோம். அவளுடையதுதான் பலித்தது.

இன்று வைப்பின் தீவில் இறால் வளர்க்கும் ஜோசப் சேட்டன் ஆய்வகத்துக்கு வந்தார். ரம்யாவின் சோதனை வைரஸைக் காட்டிக்கொடுத்ததால், நோய் பரவும் முன்பே இறாலைப் பிடித்து விற்றுவிட்டாராம்.

"இந்த மோள் இல்லேன்னா எங்க குடும்பம் போயிருக்கும்," என்று ரம்யாவைப் பார்த்துக் கண் கலங்கினார். போனை என்னிடம் நீட்டி இருவரையும் படமெடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

"சேச்சி, நீங்களும் வந்து நில்லுங்கோ," என்று ரம்யா என் கையைப் பிடித்து இழுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

சாப்பிடும்போது கணவர் கேட்டார், "அந்த ரம்யா ஆள் எப்படி?"

"ரொம்ப நல்லவ," என்றேன்.

அவள் கொஞ்சமாவது கெட்டவளாக இருந்திருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.