பிளாஸ்திரிக்கு அடியில் ஒரு பேர்

மார்ச் 3

அடியே நெட்டை,

சௌக்கியமா? இல்லாட்டி மட்டும் எழுதிடவா போறே, உன் கடைசி லெட்டர் வந்து ஆறு மாசமாச்சு.

ரிட்டயர் ஆனதிலிருந்து ஒரு பழைய புத்தகக் கடையில் உட்கார்றேன். வர்ற புத்தகத்தில் யார் பேராவது இருந்தா, அந்த ஆளைத் தேடிப் பிடிச்சு, "உங்க புத்தகம் இங்கே இருக்கு, வேணுமா?"ன்னு கேட்கிறதுதான் பொழுதுபோக்கு. பதினேழு பேர் மாட்டியாச்சு. பதினெட்டாவது யார் தெரியுமா? நீதான்!

நம்ம நர்சிங் ஸ்கூல் உடற்கூறு புத்தகம். அதே கோணல் கையெழுத்தில் உன் பேர். அதுக்கு மேல் வரியில், பழைய பேர் எதையோ மறைச்ச மாதிரி, காயத்துக்குப் போடுற பிளாஸ்திரி ஒண்ணு ஒட்டியிருக்கு. உனக்கு முன்னாடி யார் வச்சிருந்தா? கெட்டில் ஆவியில் காட்டி உரிச்சுப் பார்த்துடறேன்.

உன்
கொசு

மார்ச் 9

அன்புள்ள கொசுவுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கு?

பிளாஸ்திரியை உரிக்காதே, பேப்பர் கிழிஞ்சிடும். வீடு மாத்தினப்போ பழைய பேப்பரோட போட்டது, அதைப் போய் ஏன்டி கிளறுறே? தூக்கிப் போட்டுடு. எனக்காக.

அன்புடன்
நெட்டை

மார்ச் 14

நெட்டை,

உன் லெட்டர் வர்றதுக்குள்ள உரிச்சிட்டேன். அடியில் இருந்தது என் பேர்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஹாஸ்டலில் காணாமப் போச்சே, அதே புத்தகம். அது போனாப் போகட்டும். ரூம் கூட்டுற அக்கா எடுத்ததைப் பார்த்தேன்னு, அவங்க முன்னாடியே வார்டன்கிட்டே சொன்னது நான். அன்னைக்கே அவங்களை வேலையை விட்டு அனுப்பினாங்க, ரெண்டு பிள்ளைங்களோட. நீ என் தோளில் கை போட்டுக்கிட்டு நின்னே. எப்படிடி மனசு வந்துச்சு?

உன்னைத் திட்டணும்னுதான் உட்கார்ந்தேன். ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு சொன்னது என் வாய்தானே. முப்பத்தாறு வருஷமா அதை ஒருத்தர்கிட்டேயும் சொல்லலை. கேவலமா இருக்கு.

அந்த அக்காவையும் தேடிப் பிடிச்சிட்டேன். உன் ஊரிலேதான் இருக்காங்க, விலாசம் பின்பக்கம். புத்தகத்தையும் அனுப்பறேன். என் பேருக்குப் பக்கத்தில், "அக்கா இதை எடுக்கலை, எடுத்ததாப் பொய் சொன்னது நான்"னு எழுதியிருக்கேன். உன் பேருக்குக் கீழே இடம் விட்டிருக்கேன். உன் பங்கை எழுதி வை. மாசக் கடைசியில் வரேன், ரெண்டு பேரும் போய் நிற்போம்.

கொசு

மார்ச் 22

கொசு,

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதறேன். மூணு பஸ்ஸை விட்டுட்டேன்.

அப்போ என் புத்தகத்தை வார்டில் தொலைச்சிருந்தேன். உன்கிட்டே கேட்க ரோஷம். ரெண்டு நாளில் திரும்ப வச்சிடலாம்னு எடுத்தேன், அதுக்குள்ள அக்காவை அனுப்பிட்டாங்க. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நீட்டுவேன்?

நீ வர்ற வரைக்கும் பொறுக்க முடியலை. இன்னைக்குப் புத்தகத்தோட நானே போனேன். அக்காவுக்குக் கண் மங்கிடுச்சு. நர்ஸ் ஹாஸ்டல்னதும், "எந்தப் பொண்ணும்மா?"ன்னு கேட்டாங்க. வாயில் வந்தது உன் பேர்தாண்டி. சத்தியமா யோசிச்சுச் சொல்லலை.

என் கையைத் தடவிக்கிட்டே, "சின்னப் பொண்ணு, பரீட்சை பயத்தில் சொல்லியிருப்பே. விடு"ன்னாங்க. டீ போட்டுக் கொடுத்தாங்க. அதையும் குடிச்சேன். உனக்கு மன்னிப்பு கிடைச்சாச்சு கொசு. "அப்போ எடுத்தது யாருன்னு தெரிஞ்சுதா?"ன்னாங்க. தெரியலைன்னுட்டேன்.

மருமகளை வாசிக்கச் சொல்றேன்னு புத்தகத்தை வாங்கி வச்சுக்கிட்டாங்க. நீ விட்ட இடம் காலியாவே இருக்கு. மருமகள் அஞ்சு மணிக்கு வந்துடுவாளாம். இப்போ நாலே கால்.

பேனா கையில்தான் இருக்கு. மறுபடி அந்த வாசலுக்குப் போறேன். யாரும்மான்னு கேட்டா, இந்தத் தடவை என் பேரைச் சொல்லணும்.

நெட்டை