அன்னமுத்து கேட்ட கேள்வி

நெடுந்தீவு
பங்குனி, 1938

அன்பு மகன் இராசநாயகத்துக்கு அம்மா சொல்ல, தங்கச்சி மனோகரி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிடுகிறேன். மற்றப் புதினமெல்லாம் பிறகு, முதலில் இதைக் கேள் தம்பி, பக்கத்து வளவு அன்னமுத்து கதைத்துவிட்டாள்! வாடைக்காற்றில் அவள் புருஷன் கதிர்காமு வள்ளத்தோடு கடலில் மூழ்கிப்போன நாள் தொடக்கம் ஒரு சொல்லும் பேசாமல், அழவும் செய்யாமல், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தவள். பேய் பிடித்துவிட்டது என்று கதிர்காமுவின் தாய் செல்லாச்சி சொல்ல, அன்னமுத்துவின் அண்ணன் மார்க்கண்டுவும் அக்கரையில் ஒரு பேயோட்டியைப் பேசி வைத்திருந்தான். அங்கே பிரம்பால் அடிப்பார்களாம், பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். புத்தி பேதலித்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நீ என்றுதான் அதைப் போன மாதம் உனக்கு எழுதினேன்.

நீ எழுதிய மறுமொழியை மனோகரி மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். ஒன்றும் கேட்க வேண்டாம், புத்தியும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருந்து ஏதும் கைவேலை செய்தால் போதும், அவளாகக் கதைக்கிறபோது குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கோ வாய் சும்மா இராது, ஊர்ப் பெண்டுகளும் போனால் என்னடி, ஏனடி என்று குடைந்தெடுப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேரைக் கண்டால் அடுப்படிக்குள் ஒளிக்கிறவள் என்று நான் ஏசுகிற உன் தங்கச்சியைத்தான் அனுப்பினேன். (இதை எழுதமாட்டேன் என்று பேனையைக் கீழே வைத்துவிட்டாள், எழுதடி என்று அதட்டி எழுதுவிக்கிறேன்.) அவள் ஓலையை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டி இழைத்தபடி இருப்பாள், பொழுது சாயத் திரும்பி வருவாள். ஊமைக்கு ஊமை துணையோ என்று செல்லாச்சி நையாண்டி பண்ணினாள். அப்படியிருக்க ஒருநாள் அன்னமுத்து தானாகவே, 'மனோகரி, நான் கேட்டிட்டன். எங்க போறியள் எண்டு அவரைக் கேட்டிட்டன்' என்றாளாம்.

உனக்குத் தெரியும், கடலுக்குப் போகிறவனை எங்கே என்று கேட்பது இங்கே எவ்வளவு பொல்லாத குறி. அன்றைக்கு நித்திரை மயக்கத்தில் வாய்தவறிக் கேட்டிருக்கிறாள், அவனும் மறுமொழி சொல்லாமல் போய்விட்டான். தன் வாய்தான் புருஷனைக் கொன்றது, இனி அதைத் திறந்தால் இன்னும் ஆரைக் கொல்லுமோ என்று பயந்து மூடியிருந்தாள் பாவி. மனோகரி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

அன்னமுத்துவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு இதை நான் மார்க்கண்டுவுக்குச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்தபடி எழுந்து போனான். அடுத்த நாள் விடிய வள்ளம் தள்ளுகிற நேரம், தங்கச்சியைப் பிள்ளையோடு கரைக்குக் கூட்டி வந்து, எல்லாருக்கும் முன்னால், 'எங்க போறாய் எண்டு என்னைக் கேளடி' என்றான்! செல்லாச்சி தலையில் அடித்துக்கொண்டு, 'அடேய், ஒருத்தனைக் குடுத்தது காணாதோ' என்று கத்தினாள். அன்னமுத்து ஏலாது, ஏலாது என்று தலையாட்டினாள். 'நீ கேக்காட்டி நான் வள்ளத்திலை ஏறன், எல்லாரும் பட்டினி கிடப்பம்' என்று அவன் மணலில் குந்திவிட்டான். கடைசியில் காற்றுப் போன்ற குரலில், 'எங்க போறியள் அண்ணை' என்று கேட்டாள். 'மீன் பிடிக்கத்தான், வேறை எங்க, கலியாண வீட்டுக்கோ' என்று சிரித்துவிட்டுப் பாயை விரித்தான்.

அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஒருவரும் உலை வைக்கவில்லை. மத்தியானம் காற்றுக் கொஞ்சம் எழும்ப நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். அன்னமுத்து கரையை விட்டு அசையவில்லை, மனோகரியும் வெயிலில் அவளோடு இருந்தாள். பொழுது படுகிற நேரம் பாய் தெரிந்தது. மார்க்கண்டு இறங்கி ஒரு சின்னக் கோர்வை மீனைத் தூக்கிக் காட்ட அன்னமுத்து, 'விடியப் போய் இந்த நாலு ஓரா மீனையோ பிடிச்சனீங்கள்' என்று கேட்டாளே பார்க்கலாம்! கரை முழுக்கச் சிரித்தது, அவளும் சிரித்தாள், சிரித்தபடியே விழுந்து கதிர்காமுவின் பேர் சொல்லிக் கதறத் தொடங்கினாள். தேற்றப் போன பெண்டுகளை மனோகரி கையால் மறித்தாள். செல்லாச்சி மட்டும் போய்ப் பக்கத்தில் இருந்து, 'அழு பிள்ளை, என்ரை பிள்ளைக்கு அழு' என்று தானும் சேர்ந்து அழுதாள். பிள்ளை இனித் தாயிடம்தான், பேயோட்டிக்கும் வரவில்லை என்று சொல்லியனுப்பியாயிற்று.

மார்க்கண்டு செய்தது உன் வைத்தியத்துக்குச் சரியோ பிழையோ, எழுது. அவன் வராமல் விட்டிருந்தால் என்று நினைக்க இப்போதும் அம்மனைத்தான் கூப்பிடுகிறேன். விசர் டாக்குத்தர், மருந்துமில்லை ஊசியுமில்லை, கதை கேட்கிறதுக்குச் சம்பளமோ என்று உன்னை ஊரார் நையாண்டி பண்ண நானும் உள்ளுக்குள் வெட்கப்பட்டேன் மகனே, உன் கலியாணப் பேச்சுகள் தட்டிப்போனதற்கும் உன் உத்தியோகத்தையே நொந்தேன். இனி நோக மாட்டேன். ஆனால் ஒன்று, ஊர்த் துக்கமெல்லாம் கேட்டுவிட்டு நீ தனி அறைக்குப் போகிறாய், உன்னுடையதை ஆர் கேட்கிறார்கள்? சித்திரை வருடப்பிறப்புக்கு வா, நான் வாயை மூடிக்கொண்டு கேட்பேன், ஏலாவிட்டால் மனோகரி இருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகு. நீடூழி வாழ அம்மன் துணை.

உன் அன்புள்ள அம்மா
சின்னாச்சி

அண்ணை, அன்னமுத்தக்கா நாளைக்கும் என்னை வரச்சொன்னவா. கதைக்க இல்லையாம், சும்மா இருக்க. நான் போவேன். மனோகரி.