கதவு உள்ள அறை

பிப்ரவரி 9

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆவலைவிடக் கோபம்தான் அதிகமாக இருக்கிறது, இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் அண்ணன் வீட்டிலிருந்து நானும் பிள்ளைகளும் கிளம்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று அண்ணி சொல்லியிருப்பார். சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சமையலறையில் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை.

மாடி அறை நமக்கென்று கட்டியது. 'அடுத்த வருஷம் நாம மாடிக்குப் போயிடலாம்' என்று நீங்கள் சொல்லிச் சொல்லியே நான் அந்தக் கூடத்தில் பாய் விரித்தேன். போன மாதம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பேர் புதுக்கட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி மாடிப்படி ஏறினார்கள். "யாருக்கு அண்ணி?" என்று கேட்டேன். "தம்பி உன்கிட்ட சொல்லலையா? பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல, மாடிய அவங்களுக்கே குடுத்துடச் சொல்லிட்டாரு" என்றார். அந்தப் புதுப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை, அவள் பாவம். கட்டில் வந்த பிறகுதான் அறை போனது எனக்குத் தெரிந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வீடு. சின்னக் கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை. இரண்டுக்கும் கதவு இருக்கிறது. நான் தைக்கும் யூனிஃபார்ம் கடைக்கு நடந்தே போய்விடலாம். பழைய சாமான் கடையில் பிள்ளைகளுக்கு இரண்டு ஒற்றைக் கட்டில், இழுப்பறை வைத்த மேஜை ஒன்று, நமக்கு ஒரு பெரிய கட்டில் எடுத்திருக்கிறேன். எல்லாம் பார்க்கச் சகிக்காது. பார்க்கும்படி செய்துவிடுவேன்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பேர்தான்,
ராங்கி

*

பிப்ரவரி 25

ராங்கிக்கு,

நான் கிரேன் மேலே இருந்தபோது ஆபீஸ்காரர் கீழே நின்று உன் கடிதத்தை ஆட்டிக் காட்டினார். இந்தக் காலத்தில் கடிதம் வந்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதானே நினைக்கத் தோன்றும்? வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன். பிரித்துப் பார்த்தால் கட்டில்.

அண்ணன் போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாங்க என்ன தப்பு பண்ணினோம்னு நீயே கேட்டுச் சொல்லுடா" என்றார். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். அவரிடம் இல்லை, முடியாது என்று நான் சொன்னதே கிடையாது. மாடியைக் கேட்டார், எடுத்துக்கோங்க அண்ணா என்றேன். வருஷத்தில் ஒரு மாதம் வந்து போகிறவனுக்கு எதற்கு அறை என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சண்டை வரும் என்று தள்ளிப்போட்டேன்.

போதும், வீட்டுக்குத் திரும்பிப் போ. யாரோ படுத்த கட்டில் நமக்கு எதற்கு? மூட்டைப்பூச்சி இருக்கும். யார் கண்டது, அதில் யாராவது செத்துக்கூடப் போயிருக்கலாம். ஜூன் இரண்டாம் வாரம் லீவில் வருகிறேன். நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் வருவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெரியவளுக்கும் வாண்டுக்கும் முத்தம். உனக்கும்தான், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

உன்,
கிரேன்காரன்

*

மார்ச் 15

கிரேன்காரருக்கு,

முத்தத்தை எடுத்துக்கொண்டேன். அதற்கும் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை.

மூட்டைப்பூச்சி இருந்தது. கட்டிலைக் கழற்றி, மூட்டுக்கு மூட்டு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். அதில் யாராவது செத்துப்போய்த் தங்கியிருந்தாலும் இந்நேரம் கிளம்பியிருப்பார்.

பெரிய கட்டிலில் ஒரு கூத்து நடந்துவிட்டது. தலைமாட்டுப் பலகை தேக்கு என்று நம்பி வாங்கினேன். "மேல வார்னிஷ் மட்டும் போனாப் போதும்மா, லேசாத் தேய்ங்க" என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்த்தா உங்கள் கடிதம் வர வேண்டும்? ஒரு இழுப்பு உங்கள் அண்ணனுக்கு, ஒரு இழுப்பு அண்ணிக்கு, மற்றதெல்லாம் உங்களுக்கு என்று தேய்த்தேன். திடீரென்று நடுவில் வெளுப்பாக ஒரு திட்டு. என்னடா என்று பார்த்தால் உள்ளே வெறும் பிளைவுட். தேக்கு என்பது மேலே ஒட்டிய தோல்தான், அப்பளம் கனம்கூட இல்லை. கோபத்தில் தோலை உரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன், மறைப்பானேன்.

அப்புறம் எழுந்து மூஞ்சியைக் கழுவிக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். பள்ளத்துக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்தேன். யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போன பச்சை எனாமல் பாதி விலைக்குக் கிடைத்தது, அதை இரண்டு கோட் அடித்தேன். இப்போது அது தேக்கு மாதிரி நடிக்கவில்லை. பச்சைக் கட்டில், அவ்வளவுதான். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது.

பிள்ளைகள் அறையில் யூனிஃபார்ம் வெட்டி மிஞ்சிய கட்டம் போட்ட துணியில் திரைச்சீலை தைத்துப் போட்டேன். "அம்மா, கண்ணு முழிச்சா ஸ்கூல்ல இருக்கிற மாதிரியே இருக்கு" என்கிறாள் பெரியவள். வாண்டு தன் கட்டிலுக்கு எல்லை கட்டி, அக்கா தாண்டினால் அபராதம் என்று அறிவித்திருக்கிறான். இழுப்பறை இறுகிக்கொண்டு வராமல் இருந்தது. மெழுகுவர்த்தியால் தேய்த்தேன், இப்போது வழுக்கிக்கொண்டு வருகிறது. இதெல்லாம் கடைக்காரர்களிடம் கேட்டுக் கற்ற கைப்பழக்கம்தான், செய்யச் செய்ய வருகிறது.

வருஷத்தில் ஒரு மாதம் வருகிறவனுக்கு எதற்கு அறை என்று எழுதியிருந்தீர்கள். மிச்ச மாதமெல்லாம் அங்கே இருந்தது யார்? டிவி அணையும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது. தண்ணீர் குடிக்க யார் போனாலும் என் கால்மாட்டைத் தாண்டித்தான் போவார்கள். புடவை மாற்ற வேண்டுமென்றால் குளியலறை காலியாகக் காத்திருப்பேன். பெரியவள் வளர்ந்துவிட்டாள், அவளும் அந்த வரிசையில் நிற்க ஆரம்பித்தாள். நீங்கள் வந்த மாதங்களில்கூட நாம் திருடர்கள் மாதிரி கிசுகிசுத்தோம். பதினோரு வருஷத்தில் நமக்குள் ஒரு சண்டைகூட முழுசாக நடந்ததில்லை. நான் திரும்பிப் போக மாட்டேன்.

ராங்கி

*

ஏப்ரல் 6

அன்புள்ள ராங்கி,

உன் கடிதத்தை ரொம்ப நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அந்த வரிசை விஷயம் எனக்குத் தெரியாது. பெரியவள் என்னிடம் சொன்னதே இல்லை. சொல்லுகிற விஷயமா என்று நீ கேட்பாய்.

இங்கே மரவேலை பார்க்கிறவரிடம் உன் தலைமாட்டுப் பலகையைப் பற்றிச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தானும் தொழில் கற்ற புதிதில் முதலாளி வீட்டு அலமாரியை அப்படித்தான் உரித்ததாகச் சொன்னார். எனாமல் நன்றாக இறுகுகிறவரை மெத்தை போடாதே, ஒட்டிக்கொள்ளும் என்றார். கட்டில் நீளம் எவ்வளவு? என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

ஒன்று யோசித்தேன். லீவில் பாதி நாள் அண்ணன் வீட்டில் இருக்கிறேன், பாதி நாள் அங்கே வருகிறேன். அண்ணனுக்கும் மனம் நோகாது, உனக்கும் ஆயிற்று. நாலு பேர் கேட்டாலும் பதில் சொல்லலாம். என்ன சொல்கிறாய்?

உன்,
கிரேன்காரன்

*

ஏப்ரல் 27

அன்புள்ளவருக்கு,

கால் நீட்டிக்கொண்டிருக்காது. அளந்துதான் வாங்கினேன். உங்கள் பழைய பேண்டைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போய்க் கட்டில்மேல் விரித்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாதி நாள் யோசனை வேண்டாம். ராங்கித்தனத்தில் சொல்லவில்லை, உட்கார்ந்து யோசித்துத்தான் சொல்கிறேன். பாதி நாள் வருகிறவர் விருந்தாளி. விருந்தாளியை நான் நன்றாகத்தான் கவனிப்பேன், ஆனால் எனக்கு வேண்டியது வீட்டுக்காரர். உங்கள் அண்ணன்மேல் எனக்குப் பகை கிடையாது. தினமும் போய் அவரைப் பாருங்கள், சாப்பிடுங்கள், அவருக்கு எது வேண்டுமானாலும் செய்யுங்கள். தூங்குவதற்கு உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அந்த வீடு எது என்று நீங்கள் உங்கள் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். நான் அதற்குத் தூது போக மாட்டேன்.

இன்னொன்று. கடையில் என் பக்கத்து மிஷினில் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கும் அக்கா இருக்கிறாரே, தனி ஆள், அவர் இருக்கும் விடுதியை இடிக்கப் போகிறார்கள். வீட்டைப் பார்க்க வந்தவர் பச்சைக் கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ரூம எனக்குக் குடுத்துடேன், வாடகைல பாதி தரேன்" என்றார். நான் இந்த வீட்டை ஒற்றைச் சம்பளத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறேன், அது உங்களுக்கும் தெரியும். மே முடியும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள், நம் வீட்டுக்கே வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் ஜூன் முதல் தேதி அறை அவருக்கு.

மிரட்டல் இல்லை. வெறும் அறையைச் சாமி மாதிரி பூட்டி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். அந்த ஒரு வரி வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ராங்கி

*

ஜூன் 12

அன்புள்ள ராங்கி,

நான் வந்தது கேட்டு அண்ணன் பையனோடு காலையில் ஓடி வந்த பெரியவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மளமளவென்று வளர்ந்துவிட்டாள், உன் முறைப்பு அப்படியே வந்திருக்கிறது. "ஏம்ப்பா லெட்டர் போடல? அம்மா தினமும் கீழ சைக்கிள் கடைல கேட்டுட்டே இருந்தாங்க" என்றாள்.

எழுத உட்காராமல் இல்லை. உனக்கு அந்த ஒரு வரியை எழுத வேண்டுமென்றால் முதலில் அண்ணனிடம் சொல்ல வேண்டும். போனை எடுப்பேன், "சாப்பிட்டியாடா?" என்பார், சாப்பிட்டேன் அண்ணா என்று வைத்துவிடுவேன். அப்படியே மே போய்விட்டது. ஐம்பது ஆள் உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்குகிறவன், இதைத் தூக்க முடியவில்லை.

நேற்று மாலை இங்கே வந்து சேர்ந்தேன். அண்ணன் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்கும் குழந்தைக்கும் அண்ணன் தன் அறையைக் கொடுத்துவிட்டார். அண்ணனும் அண்ணியும் கூடத்தில் படுத்திருக்கிறார்கள், நாம் படுத்த அதே மூலையில். எனக்கும் பக்கத்திலேயே பாய் போட்டார்கள். குழந்தை அழுதால் விளக்கு எரிகிறது. மாடியிலிருந்து மருமகள் இறங்கி வந்தால் அண்ணி எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொள்கிறார். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், தூங்கவில்லை என்று தெரிந்தது. என் பக்கம் திரும்பிப் படுத்து, "எப்படிடா இத்தனை வருஷம் இங்க படுத்தீங்க? சொல்லவே இல்லையே" என்றார்.

"அவ சொன்னாண்ணா, எனக்குத்தான் காதுல விழல. நான் நாளைக்கு என் வீட்டுக்குப் போறேன்" என்றேன். என் வீடு என்று அவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர், "போ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "காலைல சாப்பிட்டுட்டுப் போ" என்றார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

தேதி தாண்டிவிட்டது, தெரியும். அறையைக் கொடுத்துவிட்டாயா?

உன்,
கிரேன்காரன்

*

ஜூன் 12, மதியம்

அன்புள்ளவருக்கு,

கொடுத்துவிட்டேன். ஒன்றாம் தேதி காலையிலேயே காஜா அக்கா பெட்டியோடு வந்துவிட்டார். பச்சைக் கட்டிலில் கவலையில்லாமல் குறட்டை விடுகிறார். ஒரு வருஷத்துக்கு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காக அவரைக் கிளப்ப மாட்டேன். நம் அறையைக் கேட்காமல் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை இன்னொருத்திக்குச் செய்ய மாட்டேன்.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அண்ணனிடம் சொன்ன இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறது. மே மாதமே சொல்லியிருக்கக்கூடாதா என்று கோபமாகவும் இருக்கிறது. இரண்டும் இருக்கிறது, இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாருங்கள். பிள்ளைகள் அறையில் நான் படுத்துக்கொள்கிறேன், நீங்கள் கூடத்தில். ஆனால் அப்படியே கிடக்க விட மாட்டேன். பழைய சாமான் கடையில், இடித்த விடுதியிலிருந்து வந்த இரண்டு மர அலமாரிகள் நிற்கின்றன. உங்களைவிட உயரம். கூடத்தின் ஜன்னல் பக்கத்தில் இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் சுவர் மாதிரி மறைக்கும், உள்ளே ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் கிடைக்கும். நூலை வைத்து அளந்துவிட்டேன். முன்பணம் கொடுத்து, இன்னொரு கட்டிலையும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் மரம்தான்.

அலமாரிகளின் முதுகு வெறும் பலகை, கன்னாபின்னாவென்று ஆணியும் பசையுமாக இருக்கிறது. அதைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன், பிரஷ் இரண்டு இருக்கிறது. தூக்கி வர ஆள் வைக்கவில்லை, அதுதான் உங்கள் தொழிலாயிற்றே.

எல்லாம் கணக்குப் போட்டுவிட்டேன், உள்ளே நுழைகிற இடம் மட்டும் திறந்து கிடக்கிறது. திரைச்சீலை போட மாட்டேன். பஸ் ஏறும் முன்னே மரக்கடையில் நின்று ஒரு கதவு பார்த்துக்கொண்டு வாருங்கள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

ராங்கி