உப்பில் போட்ட கோடு

என்னங்க, வீட்டுக்குப் பாதியும் ஃபுட்பால் கிளப்புக்கு முழுசுமாக வாழ்ந்த என் ராஜாவே,

வெள்ளிக்கிழமை உங்கள் கேப்டன் அன்வர் வந்தான். நேராக அடுப்படிக்கே வந்து டீ கேட்பவன், அன்று வாசலிலேயே நின்றான்.

"சாமானையெல்லாம் புது செக்ரட்டரி கடையில வச்சுக்கிறோம் சாச்சி. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

கோல் வலை, பந்து மூட்டை, ஜெர்சிப் பெட்டி எல்லாம் ஆட்டோவில் ஏறிப் போயின.

நீங்கள் செக்ரட்டரியாக இருந்த முப்பது வருஷமும் கத்தியிருப்பேன், இது வீடா கிளப்பா என்று. நீங்கள் சிரித்துக்கொண்டே அடுத்த அழுக்கு ஜெர்சி மூட்டையை என் முன்னால் போடுவீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு கொடியில் என் புடவை ஒன்றுதான் காய்கிறது. மகன் துபாயிலிருந்து பேசுகிறான். போனை வைத்ததும் வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது.

நேற்று சாயங்காலம் இருப்புக் கொள்ளாமல் கிரவுண்டுக்குப் போனேன். எத்தனை ஞாயிறு கூப்பிட்டிருப்பீர்கள்? ஒருநாளாவது வந்தேனா?

மழைக்குப் பிறகு புல் நன்றாக வந்திருக்கிறது, எல்லைக்கோட்டில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு மேட்சுக்குச் சுண்ணாம்பு கிடைக்காமல் உப்பளத்தில் ஒதுக்கிய உப்பை அள்ளிவந்து கோடு போட்டீர்களே. "மழை வந்தா கரைஞ்சிடும்" என்றீர்கள். உப்பளம் சூழ்ந்த மரக்காணத்தில் பிறந்தவர் பேசுகிற பேச்சா அது? புல் கருகி ஊரே சிரித்தது. தப்பென்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல், அதே கோட்டில் வருஷா வருஷம் உப்பைக் கொட்டினீர்கள்.

கார்னர் பக்கம் ஓரிடத்தில் கோடு வளைந்து போகிறது. முதுகுவலி அங்கேதான் உங்களைப் பிடித்திருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னீர்களா?

பிராக்டிஸ் முடிந்து பையன்கள் சேறும் சகதியுமாக வந்தார்கள். அன்வரைக் கூப்பிட்டேன்.

"ஜெர்சியை எங்கிட்ட போட்டுட்டுப் போங்கப்பா. தோய்ச்சு வைக்கிறேன்."

"கடையில மெஷின் இருக்குது சாச்சி. நீங்க ரெஸ்ட் எடுங்க."

நல்ல பிள்ளை, நல்ல மனசோடுதான் சொன்னான். எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அந்த வளைந்த கோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கிறது. நான் வருகிறேன். இனி எல்லா ஞாயிறும் வருவேன், அதே இடத்தில்தான் நிற்பேன். நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்காரி,
மும்தாஜ்