பதினேழாம் எண் கதை

முதலில் டெற்றோல் மணம்தான் வந்தது. உன்னுடைய பெயர் பிறகுதான் கண்ணில் பட்டது.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இந்த வருடத் தொகுப்புக்கு எந்தக் கதை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று. இனி எந்த எண் யாருடையது என்று பார்க்கிற நேரம். வருடம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் காத்துக்கிடப்பது அந்த அரை மணித்தியாலத்துக்குத்தானே. பதினேழாம் உறையைக் கிழித்தவுடன், மாடு பார்த்துவிட்டுக் கை கழுவி வருகிற உன்னுடைய மணம் குப்பென்று அடித்தது. உள்ளே கோடு போட்ட தாள்கள், உன்னுடைய கோழிக்கிறுக்கல். கடைசித் தாளில் பெயர், முகவரி, கால்நடை வைத்தியர் என்ற பதவிகூட விடாமல் எழுதியிருந்தாய்.

எடி, அந்தக் கதையை நான் வேண்டாம் என்று தள்ளி இரண்டு கிழமை ஆகியிருந்தது.

நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நானும் முதலில் சிரிக்கத்தான் செய்தேன். பிறகு அழுதேன். அழுதுகொண்டே உன்னைத் திட்டினேன். "நான் மாடு பாப்பன், கதை பாப்பன், எழுத மட்டும் மாட்டன்" என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், படுக்கையில் கிடந்துகொண்டு எனக்குத் தெரியாமல் ஒரு கதை எழுதி அனுப்பிவிட்டுப் போயிருக்கிறாய். அதுவும் விதிப்படி, எண்ணுக்குள் ஒளிந்துகொண்டு.

ஆண்டின் சிறந்த பன்னிரண்டு அறிவியல் புனைகதைகள் என்று நாங்கள் தொடங்கியபோது ஊரில் ஒருவருக்கும் இது என்ன சாமான் என்று விளங்கவில்லை. கொக்குவிலில் நடந்த முதல் வெளியீட்டை நினைத்துப் பார். தலைமை தாங்க வந்தவர் புத்தகத்தைத் திறந்தும் பார்க்காமல், சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இது விஞ்ஞான பாடத்தில் பேருதவியாக இருக்கும் என்று நீட்டி முழக்கினார். நீ என் தொடையில் கிள்ளினாய். அடையாளம் நாலு நாள் இருந்தது. கூட்டம் முடியத் தாய்மார் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமை ஒரு அம்மா பசுவோடு புத்தகத்தையும் உன்னிடம் கொண்டுவந்து, "டொக்டர், உதிலை வினாத்தாள் ஒண்டையும் காணேல்லையே?" என்று கேட்டதாகச் சொன்னாய். நீ பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு, புத்தகத்தின் மூன்றாம் கதையைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்படி சொல்லி அனுப்பினாயாம்.

அதே தொகுப்பில்தான் அந்தப் பிழையையும் விட்டோம். ஊரில் பெயர் பெற்ற ஒருவர் கதை அனுப்பியிருந்தார். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற கதாநாயகன் போகும் வழியெல்லாம் தன் குடும்பப் பெருமை பேசிக்கொண்டே போவான். கதை சரியில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயரைப் பார்த்துப் பயந்து போட்டோம். அச்சில் பார்த்தபோது உனக்கு முகம் கறுத்துவிட்டது. "இனிப் பேரைப் பாக்கிறேல்லை. பேரைப் பாத்தால் வாய் அடைக்குது" என்றாய்.

வழி என்னிடம் இருந்தது. தெல்லிப்பழையில் நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில் இரத்தம் யாருடையது என்று பார்த்துக்கொண்டா பரிசோதித்தோம்? குழாயில் எண்ணை ஒட்டுவோம், எண்ணைத்தான் பார்ப்போம். கதைக்கும் அப்படிச் செய்வோம் என்றேன். அந்த வேலைக்கு உன் கணவரைப் பிடித்தோம். அவரை நான் இன்றைக்கும் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். வருகிற கதைகளை வாங்கித் தட்டச்சில் அடித்து, பெயரை நீக்கி எண்ணை ஒட்டி, மூலத்தை உறைக்குள் போட்டு மூடிவைப்பது அவர் பொறுப்பு. முடிவெழுதும் வரை அவர் வாய் திறக்கக்கூடாது. எழுதிய முடிவை நாங்கள் மாற்றக்கூடாது. ஒரு சொல்லைக்கூட வெட்டவும் கூடாது. எழுதியவர் தானே திருத்தி அடுத்த வருடம் அனுப்பட்டும். தள்ளிய ஒவ்வொரு கதைக்கும் ஏன் என்று கையால் ஒரு கடிதம் எழுதவேண்டும். எல்லா விதியும் நீ போட்டதுதான்.

முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. அடுத்த வருடமே நானும் ஒரு கதை எழுதி அண்ணையிடம் கொடுத்திருந்தேன், ஆய்வுகூடத்தில் நடக்கிற கதை. அதை நீ வாசித்துவிட்டு, "உதை எழுதின ஆள் தன்ரை சீவியத்திலை ஒரு ஆய்வுகூடத்துக்குள்ளை கால் வைச்சிருக்காது" என்றாய். இருபத்திரண்டு வருடம் ஆய்வுகூடத்தில் நின்று கால் வீங்கினவள் உனக்கு முன்னால் இருந்து "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். உறை பிரித்த அன்று நீ சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்தேன். மூன்றாம் நாள் தபாலில் கடிதம் வந்தது. வட்டுக்கோட்டையிலிருந்து கொக்குவிலுக்கு, முத்திரை ஒட்டி. 'அன்புடையீர்' என்று தொடங்கியிருந்தாய், பாவி. ஆனால் கதை எந்த இடத்தில் உயிரோடு இருந்தது, எந்தப் பந்தியில் மூச்சு நின்றது என்று நீ எழுதியிருந்ததுபோல எனக்கு வேறு ஒருவரும் சொன்னதில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தக் கதை தொகுப்பில் வந்தது.

வாசிக்கிற முறையும் எங்களுக்குத் தனி. என் வீட்டு மதிலுக்குப் பின்னால் ரயில் பாதை. ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் கேட்பது. நடுவில் ரயில் வந்தால் நிறுத்தத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ரயில் போன பிறகு, கேட்டுக்கொண்டிருந்தவர் "பிறகு?" என்று கேட்டால் அந்தக் கதை பாதி தப்பிவிட்டது. "வேறை என்ன புதினம்?" என்று ஊர்ச் செய்தி கேட்டால் கதையின் கதை முடிந்தது.

நீ இல்லாததால் இந்த வருடம் அண்ணையே வாசித்தார். உனக்குத்தான் தெரியுமே, அவர் எதை வாசித்தாலும் வானிலை அறிக்கை வாசிப்பதுபோலத்தான் இருக்கும். பதினேழாம் எண்ணையும் அப்படித்தான் வாசித்தார்.

ஐம்பது வருடம் கழித்து வட்டுக்கோட்டை. மாட்டின் காதில் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி வந்திருக்கிறது, மாடு நினைப்பதை மனிதப் பேச்சில் சொல்லும். வாழ்நாள் முழுக்க மாடு பார்த்த வைத்தியர் ஒருத்தி ஓய்வு பெறப் போகிற கிழமையில் முதன்முதலாக அதைப் பயன்படுத்துகிறாள். இவ்வளவு காலமும் செய்தது சரியா பிழையா என்று இந்தப் பசு சொல்லிவிடப் போகிறதே என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம். சினை பார்க்கக் கையை வைக்கிறாள். பசு சொல்கிறது: "கை குளிருது."

அந்த இடத்தில் ரயில் வந்தது. அது போய் முடியவில்லை, அதற்குள் நான் "பிறகு?" என்று கத்தினேன். அண்ணை அடுத்த தாளைப் புரட்டினார்.

பிறகு பசு பேசத் தொடங்கியது. இரண்டு பக்கம், நிறுத்தாமல். கிணற்றுத் தண்ணீர் ஏன் உவராகிறது, மழைத் தண்ணீரை எங்கே மறிக்கவேண்டும், முழங்காலுக்கு என்ன எண்ணெய் நல்லது, தேத்தண்ணியை ஆறவிட்டுக் குடித்தால் என்ன வரும், பிறத்தியாருடைய எழுத்தையே வாசித்துக்கொண்டிருந்தால் சொந்த எழுத்து என்னாகும், எல்லாம் சொன்னது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, பசுவுக்கு ஏன் ஆறின தேத்தண்ணியைப் பற்றிக் கவலை?"

"தெரியாது தங்கச்சி. எழுதியிருக்கிறதை வாசிக்கிறன்."

"வேண்டாம். உந்தப் பசு பிரசங்கம் வைக்குது."

"வேண்டாமோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வடிவா யோசிச்சிட்டன். கதை 'கை குளிருது' எண்டதோடையே முடிஞ்சுது. எழுதினவருக்குத்தான் அது தெரியேல்லை."

அண்ணை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். என்னுடைய பகிடிக்குச் சிரிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துவிட்டு, பதினேழை எடுத்துத் தள்ளிய கதைகளோடு வைத்தார்.

உறை பிரித்த அன்று அவரோடு சண்டைக்குப் போனேன். "ஏன் அண்ணை ஒரு சொல்லுச் சொல்லேல்லை? எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சீங்களோ?"

"சொல்லியிருந்தால் அவ என்னைச் சும்மா விடுவாவோ?" என்றார். "புரட்டாதியிலை என்ரை கையிலை தந்தவ. 'அவள் என்ரை பேரைப் பாத்துத் தொகுப்பிலை போட்டாளெண்டால் எனக்கு அது வேண்டாம்' எண்டு சொல்லித்தான் தந்தவ. நான் தட்டச்சிலை அடிச்சு எண்ணை ஒட்டினன். அவ்வளவுதான்."

ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய்.

அச்சகக்காரர் விஷயம் கேள்விப்பட்டு நேற்று வந்தார். நல்ல மனுசன். "விதியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ அக்கா. முதல் பக்கத்திலை டொக்டரின்ரை படம், அடுத்ததாய் அவவின்ரை கதை. ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்" என்றார். குறை சொல்லமாட்டார்கள் என்பது உண்மைதான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்குப் போன மனிதரையும் அப்போது ஒருவரும் குறை சொல்லவில்லையே. பின்னேரம் ஒரு கள்ள யோசனையும் வந்தது. கடைசி இரண்டு பக்கத்தை வெட்டிவிட்டால் என்ன? கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டேன் என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். வெட்டினால் அருமையான கதை. ஆனால் அது உன் கதையாக இராது, என் கதையாகிவிடும்.

நாளைக்குக் காலையில் பிரதி அச்சகத்துக்குப் போகிறது. அதில் உன் கதை இல்லை. தள்ளிய மற்ற எல்லோருக்கும் கடிதம் எழுதி முடித்துவிட்டேன், உன்னுடையதுதான் மிச்சம். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். 'அன்புடையீர்' போட மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்.

உன் கதை உயிரோடு இருந்த இடம், பசு வாய் திறந்த இடம். இந்தப் பதின்மூன்று வருடத்தில் நான் கேட்ட எந்த இயந்திரமும் எந்தக் கிரகவாசியும் அந்த இரண்டு சொல்லுக்குக் கிட்ட வரவில்லை. நீ பேனாவை அங்கேயே வைத்திருந்தால் தொகுப்பின் முதல் கதை அதுதான், நீ யாராக இருந்தாலும். மூச்சு நின்ற இடம் அதற்கு அடுத்த பந்தி. விளக்கம் வந்தால் கதை போச்சு என்று ஊருக்கெல்லாம் கடிதம் எழுதினவள் நீ. உனக்கே அது தெரியாமல் போயிருக்காது. நேரம் இல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது விளங்குகிறது. விளங்கியும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இந்த இடத்தில், திருத்தி அடுத்த வருடம் அனுப்புங்கள் என்று எழுதுவது எங்கள் வழக்கம். அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

நீ கேட்டதுபோலவே உன் பெயரைப் பார்க்காமல் உன்னை வாசித்தேன். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டாய். கடைசிவரைக்கும் என்னைச் சமமாக வைத்துத்தான் சண்டைக்குக் கூப்பிட்டிருக்கிறாய்.

மூலத்தைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பதும் விதி. முதல் நாலு தாளையும் அண்ணையிடம் கொடுத்துவிட்டேன். பசு பேசுகிற அந்த இரண்டு தாளையும் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. முழங்கால் வலிக்கிறவள் யார், வாசிக்கிற அவசரத்தில் தேத்தண்ணியை ஆறவிடுகிறவள் யார், தன் எழுத்தை விட்டுவிட்டுப் பிறத்தியாருடையதைத் திருத்திக்கொண்டிருக்கிறவள் யார் என்று இப்போது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையிலிருந்து எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. கதைக்கு அந்த இரண்டு பக்கமும் கூடிப்போய்விட்டது. எனக்குப் போதாது.