எந்த மாநிலத்துக்கும் ஆகாத உனக்கு

இன்று காலை ஆம்புலன்ஸில் புதிய கையுறைப் பெட்டியைப் பிரித்தேன். அந்த ரப்பர் வாசம் மூக்கில் ஏறியதும் நீதான் வந்தாய். பாராமெடிக்கல் வகுப்பில் முதல்முறை கையுறை மாட்டிய அன்று, "இனி நம்மளும் பாதி டாக்டர்தான்டி" என்று விரல்களை ஆட்டிக் காட்டினாய். உன்னுடைய அந்தக் கொழுப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரே தெருவில் பிறந்தோம். நம் தாத்தாக்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒன்றாகப் பிழைக்க வந்தவர்கள். என் தாத்தா நகராட்சியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். உன் தாத்தா கடைவீதியில் மிளகு மூட்டை தூக்கினார். வித்தியாசம் அவ்வளவுதான். குடும்பம் 1950-க்கு முன்பே இங்கே வந்தது என்று காட்ட நகராட்சி வேலையின் பழைய காகிதம் இருந்ததால் எனக்குச் சாதிச் சான்றிதழ் கிடைத்தது, அதைக் காட்டி அரசின் படிப்பு உதவித்தொகையும் வந்தது. மூட்டை தூக்கியவருக்கு யார் காகிதம் கொடுப்பார்கள்? வில்லேஜ் ஆபீஸில் உன்னைத் தமிழ்நாட்டில் போய்க் கேட்கச் சொன்னார்கள். அங்கே போனால், கேரளாவில் பிறந்தவளுக்கு இங்கே எப்படித் தருவது என்றார்கள்.

"ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா நான் பார்டர்ல, வாளையார் செக்போஸ்ட்லயா வீடு கட்டுறது?" என்று சிரித்தாய். ஃபீஸ் கட்ட வழியில்லாமல் அடுத்த மாதமே படிப்பை விட்டு, இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனாய்.

நான் படிப்பை முடித்து ஆம்புலன்ஸில் சேர்ந்த வருடம், மழைக்காலத்தில் உனக்கு எலிக்காய்ச்சல். கூலி போய்விடும் என்று காய்ச்சலோடே வேலைக்குப் போயிருக்கிறாய். அதன் அறிகுறிகளை என்னோடு உட்கார்ந்து மனப்பாடம் செய்தவள் நீ, தெரியாமல் இருந்திருக்காது. உன் அம்மா ஆம்புலன்ஸுக்கு அழைத்தபோது வந்தது என் வண்டி. வழியில், பிபி எவ்வளவு என்று கேட்டாய். இறங்கிக்கொண்டிருந்ததை மறைத்துக் கூட்டிச் சொன்னேன். நீயோ உன் மணிக்கட்டில் நீயே விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாய். "பொய் சொல்லாதடி. நானும் படிச்சவதான்" என்றாய். ஆஸ்பத்திரி சேர்ந்த மறுநாள் போய்விட்டாய்.

இந்த வருடம் உன் தங்கைக்கு அதே படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் சாதிச் சான்றிதழுக்காக அவளோடு வில்லேஜ் ஆபீஸுக்குப் போனேன். உங்கள் குடும்பம் இந்த ஊர்தான் என்று காட்ட, அவள் பையிலிருந்து உன் இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

"இதுல மட்டாஞ்சேரின்னு தெளிவாயிட்டு எழுதியிருக்கில்லே சாரே?"

அங்கிருந்த அதிகாரி முழுதாகப் படித்தார். "இது போரா மோளே" என்று திருப்பித் தந்தார். போதாதாம்.

உன் சாவுகூடப் போதவில்லை, பார்த்தாயா. வயிறு எரிகிறது. அந்த எரிச்சலை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவளோடு மறுபடியும் போகவேண்டும்.